பழைய டிரம் கோர்க்காரர்கள் மறுபடி கூடி வாசிக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன கோடையில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் எடுத்த நாலு நிமிட வீடியோ ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்களுடையது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். வீடியோவில் ஆணும் பெண்ணுமாகச் சுமார் எண்பது பேர். எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். பித்தளை வாத்தியங்களும் டிரம்களும் ஏந்திப் பிறை வடிவில் நின்று வாசிக்கிறார்கள். கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் பாதிப் பேர் அழுகிறார்கள். அதில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.

திருச்சியிலிருந்து சித்தப்பா, கோவையிலிருந்து அக்கா, சிங்கப்பூரிலிருந்து நண்பன் என்று ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் எந்த வாத்தியமும் வாசிப்பவன் இல்லை. மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். அவளைக் காரில் ஏற்றி இறக்கிய வகையில் இந்த உலகத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகியவன், அவ்வளவுதான்.

டிரம் கோர் என்றால் என்ன? நம்ம ஊர் கல்யாண பேண்டு மாதிரியா?

பேண்டுதான், ஆனால் தனி ரகம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இரண்டு எழுத்து கூடுதலாக இருக்கும், வாயால் சொல்லும்போது ‘கோர்’ மட்டும்தான். கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் எதற்கும் இடமில்லை (என் மகளுக்கு இதில் வருத்தம் உண்டு). பித்தளை வாத்தியங்கள், டிரம்கள், அப்புறம் கொடியும் மரத்துப்பாக்கியும் வாளும் சுழற்றுகிற ‘கலர் கார்ட்’. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க நடந்துகொண்டே, வடிவங்களை மாற்றிக்கொண்டே, பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாளைப் பார்க்காமல் வாசிப்பார்கள்.

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தொடங்கி வைத்தது இது. 1919இல் உருவான அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள், போரில் மிஞ்சிப்போன பியூகிள்களையும் (ராணுவத்தில் ஊதுகிற பித்தளைக் கொம்பு) டிரம்களையும் எடுத்து ஊர்வலம் போயின. அப்புறம் பிள்ளைகளுக்கும் குழுக்கள் வந்தன. தேவாலயம் ஒன்று நடத்தும், ஸ்கவுட் படை ஒன்று நடத்தும். 1960களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்தன. 1971இல் ‘டிரம் கோர் இண்டர்நேஷனல்’ என்ற அமைப்பு வந்தது. அதன் முதல் சாம்பியன்ஷிப் போட்டி 1972இல் எங்கள் மாநிலத்து வைட்வாட்டரில்தான் நடந்தது. ஜெயித்தது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென். 2009 முதல் இறுதிப்போட்டி இண்டியானாபோலிஸ் நகரத்தின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது. குழுக்கள்தான் இன்று சில டஜன்களாகக் குறைந்துவிட்டன. சங்கங்களுக்கு வயதாகிவிட்டது. பஸ், டீசல், சாப்பாடு எல்லாம் ஏறிவிட்டது. முன்னணிக் குழு ஒன்றில் ஒரு கோடைக்கு ஒரு பிள்ளை கட்டும் பணம் இப்போது ஐயாயிரம் டாலருக்கு மேல்.

இருபத்தொரு வயதோடு முடிந்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். இருபத்தொரு வயதில் வரும் கோடைதான் கடைசி. ‘ஏஜ் அவுட்’ என்பார்கள். வருடா வருடம் ஆகஸ்டில், இறுதிப்போட்டி முடிந்த இரவில், அந்த வயதை எட்டியவர்கள் கழற்றிய தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம். வெளியே போனால் முடிந்தது என்று தெரியும், அதனால் கால் நகராது.

எல்லா வயதினருக்கும் இடம் தரும் குழுக்களும் உண்டு. அவற்றுக்கென்று பல காலம் தனிச் சங்கமே இருந்தது. ஆனால் ஒரு பிள்ளை பதினைந்து வயதில் சேர்ந்து இருபத்தொன்று வரை ஆறேழு கோடைகள் வாழ்கிற அந்த வாழ்க்கை வேறு. பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, சாயங்காலம் நிகழ்ச்சி, ராத்திரி பஸ்ஸில் தூக்கம், விடியற்காலையில் ஏதோ ஓர் ஊரின் பள்ளி உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்கை, எழுந்ததும் மறுபடி வெயில். இதை முப்பது வயதில் யாராலும் செய்ய முடியாது. வேலைக்கு லீவு கிடைக்காது என்பது ஒரு காரணம், முதுகு ஒத்துழைக்காது என்பது இன்னொன்று.

சரி, ஏன் அழுகிறார்கள்? வாலிபம் போய்விட்டதே என்றா?

அக்கா கேட்டது இது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டு கராஜ் எனக்கு வேறு ஒன்றைக் காட்டியது.

அவர் கான்ட்ராபேஸ் வாசித்தவர். தோளில் சாய்த்து வைத்து ஊதுகிற ராட்சத பியூகிள் அது, எடை பத்துக் கிலோவுக்குக் குறையாது. கடைசியாக அவர் வாசித்தது 1981 ஆகஸ்டில். அதற்குச் சில வருடங்களில் அந்தக் குழுவே கலைந்துபோயிற்று. போன வருடம் பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து, ‘நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, ஒரே ஒரு தடவை கூடலாம்’ என்று எல்லோரையும் தேடிப் பிடித்தார்கள். இவருக்கு யாரோ ஒரு பழைய கான்ட்ராவை இரவல் கொடுத்தார்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு, ஏப்ரல் முதல் தினமும் ராத்திரி ஏழு மணிக்கு கராஜில் ஊத ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் நான் கேட்டதெல்லாம் நாலே நாலு ஸ்வரம். கீழே, தரையோடு தரையாக ஒரு நீண்ட ‘ஊம்’. அப்புறம் தாளத்தை எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் கருவியின் டக் டக் சத்தம் மட்டும். மறுபடி இன்னொரு ‘ஊம்’. நடுவில் அவர் ஓய்வு மாத்திரைகளை வாய்விட்டு எண்ணுவதும் கேட்கும். இவருக்கு வாசிக்க வராது போலிருக்கிறது என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். ஒருநாள் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது மரியாதைக்காக, “இது என்ன பாட்டு?” என்று கேட்டேன். சிரித்தார். “பாட்டு என்னிடம் இல்லை. அது அரிசோனாவில் ஒருத்தரிடமும் ஒஹையோவில் ஒருத்தியிடமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது இதுதான்” என்றார்.

ஜூலையில் மைதானத்தில் எண்பது பேரும் நின்று தொடங்கினார்கள். டிரம்பெட் மாதிரியான சின்ன பியூகிள்கள் மேலே மெட்டை எடுத்தன, அவற்றைவிடப் பெரிய பாரிடோன்கள் நடுவில் புகுந்தன. எட்டாவது நொடியிலோ பத்தாவது நொடியிலோ கீழேயிருந்து அந்த ‘ஊம்’ வந்தது. எனக்கு அது தெரிந்த ஸ்வரம், இரண்டு மாதம் சுவர் வழியாகக் கேட்டது. அது வந்து உட்கார்ந்ததும் மேலே இருந்த மெட்டு மொத்தமும் வேறாகிவிட்டது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று. வீடியோவில் கேமரா ஒரு தடவை குலுங்கும், அது அந்த இடம்தான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பாட்டுக்காரர் அறுபது வயதிலும் சமையலறையில் பாடிக்கொள்ளலாம். வயலின் வாசித்தவர் பெட்டியைத் திறந்தால் போதும். கிரிக்கெட் ஆடியவர்கூடப் பேரனோடு நாலு பந்து ஆடலாம். டிரம் கோர்க்காரருக்கு அந்த வழி கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு பெரிய பொருளின் சின்னத் துண்டு. மற்ற துண்டுகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நாற்பது வருடம் அந்த நாலு ஸ்வரத்தை யாரிடமும் வாசித்துக் காட்ட முடியாமல் வைத்திருந்த மனிதர், அதன் மேலே மெட்டு வந்து நிற்பதை மறுபடி கேட்கிறார். அழாமல் என்ன செய்வார்?

இத்தனை வருடம் கழித்து எப்படி நினைவிருக்கிறது?

கைக்கு நினைவிருக்கிறது, உதட்டுக்குத்தான் இல்லை.

சைக்கிள் ஓட்டுவது மாதிரி, திரும்பத் திரும்பச் செய்த உடல் பழக்கங்கள் லேசில் அழிவதில்லை. ஒரே பன்னிரண்டு நிமிடத்தை ஒரு கோடை முழுக்க வாசித்தவர்கள் இவர்கள். இன்னொன்றும் உண்டு. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் நமக்கு மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவைப் பற்றி ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். வரைபடமாகப் போட்டால் அந்த வயதில் ஒரு மேடு தட்டும். அந்த வயதில் கேட்ட இசைக்கும் அப்படித்தான். டிரம் கோர் வாழ்க்கை அந்த மேட்டின் உச்சியில் வந்து உட்காருகிறது.

கூடவே, சேர்ந்து கால் வைப்பதில் ஏதோ இருக்கிறது. வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல் 1941இல் படையில் சேர்க்கப்பட்டு டெக்சாஸ் முகாமில் இருந்தபோது, போதிய ஆயுதம்கூட இல்லாததால் புதியவர்களை மணிக்கணக்கில் வெறுமனே அணிநடை போட வைத்தார்கள். உருப்படாத வேலை என்று தெரிந்தும், தன் உடம்பே பெரிதாகி விரிவது போன்ற ஓர் இன்பம் வந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அதைத் ‘தசைப் பிணைப்பு’ என்ற பொருள் வரும் பெயரால் அழைத்தார். 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், கால் ஒத்து நடந்த மாணவர்கள் அடுத்து வந்த விளையாட்டில் மற்றவர்களைவிட அதிகமாக ஒருவருக்கொருவர் ஒத்துழைத்தார்கள் என்று காட்டினார்கள்.

உதட்டு விஷயம் வேறு. பித்தளை வாத்தியம் ஊத வாயைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வலு வேண்டும். ‘சாப்ஸ்’ என்பார்கள். பயிற்சி நின்றால் சில வாரத்திலேயே அது இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாள் பத்தே நிமிடம் ஊதினார். மறுநாள் காலையில் காபி குடிக்க உதடு குவியவில்லை என்றார்.

ஒத்திகை எப்படி நடந்தது?

குளிர்காலம் முடியும் சமயத்தில் தொடங்கி மாதம் ஒரு வார இறுதி. தூரத்து ஆட்களுக்கு ஸ்வரத் தாளும் பதிவும் மின்னஞ்சலில் போகும். கடைசி மூன்று நாள் எல்லோரும் ஊருக்கே வந்துவிட்டார்கள். காலையில் ஒத்திகைக்கு முன் நடந்ததைப் பார்த்தால் பிசியோதெரபி மையம் என்றே தோன்றும். முழங்காலுக்கு உறை, முதுகுக்குப் பட்டை, மருந்து டப்பா, மடக்கு நாற்காலி. ஸ்னேர் டிரம் வாசிக்கும் ஒருவர் காது கேட்கும் கருவியைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, அதே காதில் இரைச்சலைத் தடுக்கும் பஞ்சை வைத்தார். வாழ்நாள் பூராவும் டிரம் பக்கத்தில் நின்றதற்கு ரசீது அது.

நடப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். பழையவர்கள் கூடல்கள் பலவற்றில் நின்ற இடத்தில்தான் வாசிப்பார்கள். ஆனால் இவர்கள் மைதானத்துக்குள் வரும் வழியில் முப்பது யார்டு அணிவகுத்து வந்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. டிரம் அடித்ததும் எண்பது இடது கால்களும் ஒன்றாக எழும்பின. பொருந்தாத ஒரே ஒருவர் இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டவர். அவர் கோல்ஃப் வண்டியில் வந்தார், கொடியை நேராகப் பிடித்தபடி.

பழைய சீருடை போடவில்லையே?

யாருக்கும் உள்ளே போகவில்லை. குழு நிறத்தில் டிஷர்ட், கறுப்புப் பேண்ட், தீர்ந்தது. ஒரு அம்மாள் மட்டும் பழைய தொப்பியைக் கொண்டுவந்திருந்தார். தலை பருப்பதில்லை என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டார்.

வாத்தியங்களும் பழையவையா? சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

நல்ல காது. சிங்கப்பூர் நண்பன் கேட்டது இது.

அந்தக் காலத்துக் குழுக்கள் ஜி சுருதியில் அமைந்த பியூகிள்களைத்தான் வாசிக்க வேண்டும் என்பது விதி. ராணுவப் பியூகிளின் வம்சம் அது. முதலில் அதில் ஸ்வரத்தை மாற்ற விரலால் அமுக்கும் வால்வே கிடையாது, அப்புறம் ஒன்றே ஒன்று வந்தது. அதனால் பல ஸ்வரங்கள் கிடைக்கவே கிடைக்காது, இசையமைப்பவர் சுற்றி வளைத்து எழுதுவார். 1977 வாக்கில் இரண்டு வால்வு, 1990இல் மூன்று. 2000இலிருந்து எந்தச் சுருதியில் அமைந்த பித்தளை வாத்தியத்தையும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்றைய குழுக்கள் பெரும்பாலும் சாதாரண பேண்டு வாத்தியங்களின் சுருதியில்தான் வாசிக்கின்றன. மைக்கும் சிந்தசைசரும்கூட வந்துவிட்டன.

ஆகவே ஒரு பழைய குழு மறுபடி கூடும்போது முதல் தலைவலி ஜி பியூகிள்களைத் தேடுவது. பழையதை விற்கும் இணையதளம், யார் வீட்டுப் பரணிலோ கிடப்பது, வேறு கூடல் குழுவிடம் இரவல். சாதாரண வாத்தியத்தில் வாசித்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், சாம்பாருக்குப் புளி எதற்கு என்று கேட்டுவிட்டேனோ என்று தோன்றியது. சுருதி கொஞ்சம் பிசகும், முனை கரடாக இருக்கும், ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் நீங்கள் 1981இல் இருப்பீர்கள் என்றார். எனக்கு 1981இல் நாலு வயது, சரிபார்க்க வழியில்லை.

இப்படிப் பெரிய குழுக்களும் கூடியிருக்கின்றனவா?

கூடியிருக்கின்றன. இந்த உலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது 1994. மாசசூசெட்ஸ் மாநிலத்து ரெவியர் ஊரின் ட்வென்ட்டி செவன்த் லான்சர்ஸ் 1960களின் கடைசியில் தொடங்கிய குழு. 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் வாசித்தது, அதே வருடம் தேசியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் ஒருமுறைகூட முதலிடம் வாங்காமலே 1980களின் நடுவில் முடங்கிப்போனது. 1994இல் இறுதிப்போட்டி பாஸ்டன் அருகே ஃபாக்ஸ்பரோவில் நடந்தது. அதாவது அவர்கள் வீட்டு வாசலில். பழைய லான்சர்கள் திரண்டு வந்து அந்த மைதானத்தில் வாசித்தார்கள். அவர்களுக்கே உரிய ‘டேனி பாய்’ மெட்டு வந்தபோது அரங்கம் என்ன ஆயிற்று என்பதைப் பழைய பதிவில் இன்றும் கேட்கலாம். அந்த வருடச் சாம்பியன் ப்ளூ டெவில்ஸ். ஆனால் 1994 என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மதிப்பெண் வாங்காத இந்தக் குழு.

2006இல் இறுதிப்போட்டி எங்கள் மாநிலத்து மேடிசனுக்கு வந்தபோது, 1938இல் தொடங்கிய மேடிசன் ஸ்கவுட்ஸ் குழுவின் பழையவர்கள் சொந்த ஊர் ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். 2007இல் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் கிங்ஸ்மென். 1972இன் முதல் சாம்பியன் என்று மேலே சொன்னேனே, அவர்கள்தான். முப்பத்தைந்து வருடம் கழித்து, அந்தக் குழு மறைந்து எத்தனையோ காலம் ஆன பிறகு.

இரண்டு விதக் கூடல்களுக்கும் வித்தியாசம் உண்டு. மேடிசன் இன்றும் இயங்கும் குழு. அங்கே பழையவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கிறது. லான்சர்ஸுக்கும் கிங்ஸ்மெனுக்கும், என் பக்கத்து வீட்டுக்காரர் குழுவுக்கும், வீடு இடிந்துவிட்டது. அவர்கள் வாசிக்கிற அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் அந்தக் குழு உலகத்தில் இருக்கிறது. வாசித்து முடித்ததும் மறுபடி இல்லாமல் போய்விடும். கடைசி ஸ்வரத்தை அவர்கள் ஏன் அவ்வளவு நேரம் இழுத்தார்கள் என்று மகள் கேட்டாள். இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வாசித்து முடித்த பிறகு கைகோத்துக்கொண்டு பாடுகிறார்களே, அது என்ன?

குழுப் பாட்டு. அநேகமாக ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று இருக்கும். மேடிசன் ஸ்கவுட்ஸுக்கு ‘யூ வில் நெவர் வாக் அலோன்’. சான்டா கிளாரா வான்கார்டுக்கு ‘சென்ட் இன் த க்ளௌன்ஸ்’. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும், பார்க்கிங்கில் பஸ்களுக்கு நடுவில் வட்டமாக நின்று, வாத்தியம் இல்லாமல் வாயால் பாடுவார்கள். ஊதத் தெரிந்தவர்களே தவிர யாரும் பாடகர்கள் இல்லை. அதுதான் அதன் அழகு. எண்பது பேரில் பாதிப் பேர் சுருதியில் இல்லை. சொற்கள் மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

வீடியோவில் இரண்டே முக்கால் நிமிடத்தில் படம் எடுக்கும் பெண்ணை ஒருவர் விலகச் சொல்கிறாரே, ஏன் அத்தனை கடுமை?

இதைக் கவனித்த ஆள் சித்தி மட்டும்தான்.

டிரம் கோரில் ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் ஓர் இடம் உண்டு. சும்மா அங்கே இங்கே நிற்பதில்லை. எந்த யார்டு கோட்டிலிருந்து எத்தனை காலடி, ஓரக் கோட்டிலிருந்து எத்தனை காலடி என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் கணக்கு இருக்கும். அதை ‘டாட்’, புள்ளி, என்பார்கள். ஒருவருக்கு அடிபட்டு அன்று ஆட முடியாவிட்டால் அவர் இடம் காலியாகவே நகர்ந்து செல்லும். அதற்கு ‘ஹோல்’ என்று பெயர், ஓட்டை. பக்கத்தில் நிற்பவர் நெருங்கி வந்து அதை அடைத்துவிட மாட்டார்.

அன்று பாரிடோன் வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. தூரத்தில் பார்த்தால் வரிசை கோணலாகிவிட்டது என்று தோன்றும். உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த பெண் நல்ல கோணம் கிடைத்தது என்று அந்த இடைவெளியில் போய் நின்றார். அப்போதுதான் பக்கத்தில் இருந்தவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, “அங்கே ஆள் இருக்கிறார்” என்றார். படக்காரப் பெண் சுற்றிப் பார்த்தார், யாரும் இல்லை. அப்புறம் புரிந்திருக்க வேண்டும். குனிந்தபடியே பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட்டார். முதல் ஒத்திகைக்கு வந்து, மே மாதம் இறந்துபோன ஒருவருடைய இடம் அது.

இதற்குச் சம்பளம் உண்டா?

சித்தப்பா, கிடையாது. இவர்கள்தான் பணம் கட்டினார்கள். விமான டிக்கெட், ஓட்டல், மைதான வாடகை, டிஷர்ட், எல்லாம் கைக்காசு.

மதிப்பெண் போடுவார்களா?

இல்லை. போட்டி நாளில் இடையே வாசித்தாலும் இது ‘எக்ஸிபிஷன்’, சும்மா காட்டுவது. பதினெட்டு வயதில் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்காக ராத்திரி தூங்காமல் கிடந்தவர்கள் இவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் 1980இல் ஒரு நடுவர் தங்களுக்குக் குறைத்துப் போட்டதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். நடுவர் இல்லாமல் வாசித்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். “முதல் நிமிடம் பயமாக இருந்தது, யாரிடம் வாசிக்கிறோம் என்றே தெரியவில்லை” என்றார்.

எல்லோருக்கும் இனிய நினைவுதானா?

இல்லை. இதை மறைத்து எழுதினால் சரியாக இருக்காது.

கூப்பிட்டும் வராதவர்கள் உண்டு. சிலருக்கு அந்த வருடங்கள் வெறும் அதட்டலும் வெயிலும் கொப்புளமும்தான். சிலருக்கு அதைவிட மோசம். நியூ ஜெர்சியில் 1934இல் ஒரு தேவாலயத்தின் கீழ் தொடங்கிப் பத்துத் தடவை சாம்பியனான காடெட்ஸ் குழுவின் இயக்குநர், 2018இல் பல பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார் சொன்ன பிறகு விலகினார். 1980களில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொடுமை தொடர்பான வழக்கும் பணமுடையும் சேர்ந்து, 2024இல் அந்தக் குழுவே மூடப்பட்டது. தொண்ணூறு வருடக் குழு. அதில் ஆடியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இன்று ஒரே நேரத்தில் இரண்டையும் சுமக்க வேண்டியிருக்கிறது: அங்கே கிடைத்த தோழமை, அங்கே நடந்த அநியாயம். அழுவதிலும் பல வகை உண்டு. எல்லாக் கண்ணீரும் ஆனந்தக் கண்ணீர் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் நேரில் பார்க்க வேண்டுமென்றால்?

கோடையில் அமெரிக்கா வந்தால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஏதாவதோர் ஊரில் நிகழ்ச்சி இருக்கும். பழையவர்கள் கூடல் எப்போதாவதுதான், பெரும்பாலும் ஐம்பதாம் ஆண்டு, எழுபத்தைந்தாம் ஆண்டு என்று ஏதாவது கணக்கு வரும்போது. உயரமான இருக்கையில் உட்காருங்கள், கீழ் வரிசையில் வடிவம் தெரியாது. காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். நடுவில் கைதட்டலாம், கத்தலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். நம் கச்சேரி ரசிகர்கள் மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால் நிகழ்ச்சியைவிட அதற்கு முன் பார்க்கிங்கில் நடக்கும் ‘வார்ம் அப்’ ஒரு படி மேல். பத்தடி தூரத்தில் நின்று கேட்கலாம். ஒரே ஒரு ஸ்வரத்தை எல்லோரும் சேர்ந்து பத்து நிமிடம் ஊதுவார்கள். அதைக் கேட்கவே கூட்டம் கூடும். பிறை வடிவத்துக்கு உள்ளே மட்டும் கால் வைக்காதீர்கள். காலியாக ஏதாவது இடம் தெரிந்தாலும்.

மறுபடி எப்போது கூடுவார்கள்?

கூட மாட்டார்கள். ஒரு தடவை என்று சொல்லித்தான் கூடினார்கள். டிரம் வரிசையில் இரண்டு பேர் அடுத்த வருடமும் என்று பேச்செடுத்தார்களாம், யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கான்ட்ராவை ஆகஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டார். கராஜில் மறுபடி கார் நிற்கிறது. ஊதுகிற முனை, அந்த வெள்ளிக் கிண்ணம் போன்ற ‘மவுத்பீஸ்’ மட்டும் அவருடைய சொந்தம், 1978இல் வாங்கியது. அதைக் காரில் காபி டம்ளர் வைக்கும் குழியில் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் சிக்னலில் அவர் காருக்குப் பக்கத்தில் என் கார் நின்றது. கண்ணாடியை இறக்காமலே தெரிந்தது: இடது கையில் ஸ்டியரிங், வலது கையில் அந்த முனை, கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. விளக்கு பச்சைக்கு மாறியும் அவர் நகரவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அவர் விரலை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிவிட்டு, எண்ணிக்கொண்டிருந்த ஓய்வு மாத்திரைகளை முடித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்.